ஒரு பென்னியின் கதை: பிரிட்டிஷ் பத்திரிகைகள் ஏன் வெளிப்படையாகக் கட்சி கட்டுகின்றன?

2024 ஜூலை 4ஆம் தேதி பிரிட்டனில் பொதுத்தேர்தல். அதற்கு முந்தைய நாள் 'தி சன்' நாளிதழ், தொழிலாளர் கட்சிக்கு வாக்களியுங்கள் என்று தன் வாசகர்களுக்குச் சொன்னது. 'டெய்லி மெயில்', 'டெலிகிராப்' இரண்டும் பழமைவாதக் கட்சியின் பக்கம் நின்றன. 'மிரர்', 'கார்டியன்' எதிர்ப்பக்கம். யாரும் இதை ஒளித்து மறைத்துச் செய்யவில்லை.

இதே நாட்டில்தான் 2023 மார்ச்சில், பிபிசியின் கால்பந்து நிகழ்ச்சித் தொகுப்பாளர் கேரி லினேக்கர், அரசின் அகதிகள் கொள்கையைக் கண்டித்துத் தன் சொந்த ட்விட்டர் கணக்கில் எழுதியதற்காகச் சில நாட்கள் நிகழ்ச்சியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். கால்பந்து பேசுகிறவருக்கே இவ்வளவு கட்டுப்பாடு என்றால், செய்தி வாசிப்பவர்களுக்கு எவ்வளவு இருக்கும்!

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது குழப்பமாக இருப்பதில் வியப்பில்லை. ஒரு நாட்டு ஊடகத்துக்குள் இரண்டு எதிரெதிர் விதிகள் எப்படி வந்தன? இதைக் கொள்கை வேறுபாடு என்று விளக்கப் பார்த்தால் பாதி வழியில் நின்றுவிடுவோம். செய்தித்தாளின் விலை என்ன, அந்த விலையை உண்மையில் யார் கொடுத்தார்கள் என்ற இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டு நானூறு ஆண்டு நடந்து வந்தால் விஷயம் பிடிபடும்.

கணக்குக்கு ஒரு குறிப்பு: 1971க்கு முன்பு பிரிட்டனில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு.

அச்சடிக்கும் முன்பே அனுமதி

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செய்தி என்பது கிட்டத்தட்ட அரசரின் சொத்து. அச்சகம் நடத்தவே உரிமம் வேண்டும். அச்சிடுவதையும் முன்னதாக அதிகாரி ஒருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். 1662ஆம் ஆண்டு உரிமச் சட்டம் அச்சுத் தொழிலை லண்டன், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், யார்க் ஆகிய ஊர்களுக்குள் அடைத்தது. 1664இல் ஜான் ட்வின் என்ற அச்சகக்காரர், அரசருக்கு எதிரான நூலை அச்சிட்டார் என்பதற்காகக் கொல்லப்பட்டு, உடல் கூறுபோடப்பட்டது.

அனுமதி பெற்ற செய்தி எப்படி இருந்தது என்பதற்கு 1665இல் தொடங்கிய 'ஆக்ஸ்போர்டு கெஜட்' நல்ல உதாரணம். லண்டனில் கொள்ளைநோய் பரவியதால் அரசவை ஆக்ஸ்போர்டுக்குப் போயிருந்த நேரம் அது. ஊர் திரும்பியதும் பெயர் 'லண்டன் கெஜட்' ஆனது. அரசு எதைச் சொல்ல விரும்பியதோ அது மட்டும் அதில் இருக்கும். இன்றும் அது அரசிதழாக வெளிவருகிறது. பெயர் மாற்றத்துக்குக் "கெஜட்டில் போடணும்" என்று நம் ஊரில் சொல்கிறோமே, அந்த வழக்கத்தின் மூதாதை இதுதான்.

உரிமச் சட்டத்தை 1695இல் நாடாளுமன்றம் புதுப்பிக்கவில்லை. அச்சுச் சுதந்திரம் வேண்டும் என்று கவிஞர் மில்டன் 1644இலேயே வாதாடியிருந்தார். ஆனால் 1695இல் கீழவை உறுப்பினர்கள் அடுக்கிய காரணங்களில் அந்த உயர்ந்த தத்துவம் எதுவும் இல்லை. ஒரு சில வியாபாரிகளுக்கு மட்டும் ஏகபோகம் கிடைக்கிறது, புத்தகங்கள் சுங்கத்தில் முடங்குகின்றன, வீடு புகுந்து சோதனை போடுகிறார்கள் என்று எல்லாமே நடைமுறைப் புகார்கள். இப்படி ஒரு நிர்வாகச் சலிப்பில்தான் முன்தணிக்கை ஒழிந்தது. இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 300 ஆண்டு கழித்தும் பிரிட்டிஷ் ஆசிரியர்கள் இதைச் சொல்லித்தான் அரசை எதிர்த்து வாதிடுகிறார்கள்.

ஏழே ஆண்டில், 1702 மார்ச் 11 அன்று, முதல் ஆங்கில நாளிதழான 'டெய்லி கூரண்ட்' வந்தது. தொடங்கியவர் எலிசபெத் மாலட் என்ற பெண். இடம் லண்டனில், பின்னாளில் பத்திரிகைகளின் தெருவாகவே மாறிய பிளீட் தெருப் பக்கம். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சு, இரண்டு பத்தி, முழுக்க வெளிநாட்டுச் செய்தி. வாசகருக்குத் தாமே யோசிக்கும் புத்தி உண்டு, ஆகவே எங்கள் கருத்தைச் சேர்க்க மாட்டோம் என்று முதல் இதழிலேயே ஓர் அறிவிப்பு. அந்த நல்லெண்ணம் மற்றவர்களைத் தொற்றவில்லை.

தடை போய் வரி வந்தது

உரிமம் போனதும் துண்டுப் பத்திரிகைகள் பெருகின. விக், டோரி என்ற இரண்டு கட்சிகளும் எழுத்தாளர்களைக் கூலிக்குப் பிடித்து ஒருவரையொருவர் ஏசவைத்தன. டேனியல் டெஃபோ, ஜொனாதன் ஸ்விஃப்ட் போன்ற பெரிய கைகளும் இதில் இறங்கின. மீண்டும் தணிக்கை கொண்டுவர அரசுக்குத் துணிவில்லை. 1712இல் வேறு வழி கண்டுபிடித்தது: முத்திரை வரி. அரைத்தாளுக்கு அரைப் பென்னி, முழுத்தாளுக்கு ஒரு பென்னி, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு ஷில்லிங். வரி கட்டிய தாளில் அரசு முத்திரை விழும். முத்திரை இல்லாத பத்திரிகை சட்டவிரோதம்.

இது கருவூலத்தை நிரப்புவதற்கான வரி மட்டும் இல்லை. யார் பத்திரிகை படிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் வேலி. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 1815இல் ஒரு பிரதிக்கு 4 பென்னி ஆக்கினார்கள். செய்தித்தாளின் விலை 7 பென்னியானது. கூலி வேலை செய்பவரின் நாள் சம்பளத்தில் கணிசமான பங்கு அது.

இதன் விளைவுகள்:

1. தாளின் எண்ணிக்கைக்குத்தான் வரி, பரப்பளவுக்கு இல்லை. அதனால் தாளையே பெரிதாக்கினார்கள். கை விரித்துப் பிடிக்க வேண்டிய அகலத்தாள் வடிவம் வேரூன்ற இதுவும் ஒரு காரணம். 'தரமான பத்திரிகை என்றால் பெரிய தாள்' என்று பின்னால் மனதில் பதிந்ததற்குப் பின்னால் வரித் தந்திரமும் இருக்கிறது.

2. ஒரு பிரதியைப் பலர் பகிர்ந்தார்கள். காபிக் கடையிலும் மதுக்கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி நின்று மற்றவர்கள் கேட்டார்கள். நம் ஊர் டீக்கடை பெஞ்சை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

3. சட்டத்துக்குள் நின்று பத்திரிகை நடத்த முதலீடு வேண்டும். முதல் இல்லாத கோபக்காரர்கள் சட்டத்துக்கு வெளியே போனார்கள்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது. வில்லியம் காபெட் 1816இல், "செய்திக்குத்தானே வரி? நான் கருத்து மட்டும் எழுதுகிறேன்" என்று தன் வார இதழின் 2 பென்னிப் பதிப்பை வெளியிட்டார். எதிரிகள் அதை 'இரண்டு பென்னிக் குப்பை' என்றார்கள். அவர் அந்தப் பட்டத்தையே பெருமையாக ஏற்றுக்கொண்டார். பல்லாயிரம் பிரதி போனது.

1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய சுமார் 60,000 பேர் மீது குதிரைப்படை பாய்ந்தது. பீட்டர்லூ படுகொலை என்று வரலாறு இதைச் சொல்கிறது. அங்கிருந்த 'டைம்ஸ்' நிருபர் ஜான் டயஸ் கைது செய்யப்பட்டார். அதிகாரிகள் சொல்லும் கதை மட்டும் தலைநகருக்குப் போய்விடுமே என்று அஞ்சி, உள்ளூர்ப் பருத்தி வணிகர் ஜான் எட்வர்ட் டெய்லர் தாமே செய்தி எழுதி லண்டனுக்கு அனுப்பினார். இரண்டு ஆண்டு கழித்து, 1821 மே 5 அன்று, அவர் தொடங்கிய வார இதழ்தான் 'மான்செஸ்டர் கார்டியன்'. அதன் விலையும் 7 பென்னி. படுகொலையில் அடிபட்டவர்களால் வாங்க முடியாத விலை!

அரசின் பதில் வேறு மாதிரி வந்தது. 1819 கடைசியில் நிறைவேறிய ஆறு சட்டங்களில் ஒன்று, காபெட் கண்டுபிடித்த ஓட்டையை அடைத்தது. 6 பென்னிக்கும் குறைந்த விலையில் அடிக்கடி வரும் இதழில் கருத்து மட்டும் இருந்தாலும் வரி உண்டு என்றானது. வெளியீட்டாளர் முன்கூட்டியே பிணைத்தொகையும் காட்ட வேண்டும்.

அதற்கு ஹென்றி ஹெதரிங்டன் கொடுத்த பதில் 'ஏழையின் காவலன்' என்ற ஒரு பென்னி வார இதழ். 1831 முதல் 1835 வரை வந்தது. அரசு முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அச்சு இயந்திரத்தின் படமும் 'அறிவே ஆற்றல்' என்ற வாசகமும் இருந்தன. சட்டத்தை மீறியே வெளியிடுகிறோம் என்று தலைப்பிலேயே போட்டார்கள். ஹெதரிங்டன் சிறைக்குப் போனார். தெருவில் விற்ற நூற்றுக்கணக்கானவர்களும் போனார்கள். முத்திரையுள்ள பத்திரிகைகளைவிட முத்திரையில்லாதவை அதிகம் வாசிக்கப்படும் நிலை வந்தபோது அரசு விழித்துக்கொண்டது. 1836இல் வரி ஒரு பென்னியாகக் குறைந்தது.

'டைம்ஸ்': அரசுப் பணத்திலிருந்து விளம்பரப் பணத்துக்கு

வேலிக்கு உள்ளே இருந்தவர்களில் பெரியவர் 'டைம்ஸ்'. ஜான் வால்டர் 1785இல் வேறொரு பெயரில் தொடங்கி, 1788இல் இந்தப் பெயருக்கு மாற்றினார். ஆரம்பத்தில் ஒன்றும் பெரிய தர்மவான் இல்லை. அரசிடமிருந்து ஆண்டுக்கு 300 பவுண்டு வாங்கிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் அது சாதாரணம். ஆளுங்கட்சி பத்திரிகைகளுக்கு ரகசிய நிதியிலிருந்து பணம் கொடுக்கும், ஒன்றைப் பாராட்டவும் கொடுக்கும், இன்னொன்றை எழுதாமல் விடவும் கொடுக்கும்.

இதிலிருந்து விடுவித்தது இயந்திரம். 1814 நவம்பர் 29 அன்று 'டைம்ஸ்' நீராவி அச்சில் அடிக்கப்பட்டது. பிரெடெரிக் கோனிக் என்ற ஜெர்மானியர் வடிவமைத்தது. மணிக்கு 1,100 தாள். கையச்சில் 250 தாண்டுவதே கடினம். தொழிலாளர்கள் உடைத்துவிடுவார்கள் என்று பயந்து, இரண்டாம் ஜான் வால்டர் அதைப் பக்கத்துக் கட்டடத்தில் ரகசியமாக நிறுவி, இரவோடு இரவாக ஓட்டிவிட்டு, விடிந்ததும் அச்சிட்ட தாளோடு வந்து சேதி சொன்னார். (இதே நாடகம் இதே பத்திரிகையில் 1986இல் மறுபடி நடக்கும்.)

பிரதி பெருகியது, விளம்பரம் பெருகியது. அரசின் 300 பவுண்டு இப்போது அற்பம். தாமஸ் பார்ன்ஸும் அவருக்குப் பின் 1841 முதல் 1877 வரை ஜான் டிலேனும் ஆசிரியர்களாக இருந்த காலத்தில், 'இடி முழக்குபவர்' என்று பட்டம் பெறும் அளவுக்கு அதன் தலையங்கம் ஓங்கியது. 1850 வாக்கில் லண்டனின் மற்றக் காலை நாளிதழ்கள் அனைத்தையும் சேர்த்தாலும் 'டைம்ஸ்' விற்பனைக்கு ஈடில்லை.

அந்த வலிமை என்ன செய்யும் என்பது ரஷ்யாவுக்கு எதிரான கிரிமியப் போரில் தெரிந்தது. 1854இல் போர்முனைக்குப் போன வில்லியம் ஹோவர்டு ரஸ்ஸல், பிரிட்டிஷ் படை எப்படிக் குளிரிலும் காலராவிலும் செத்துக்கொண்டிருக்கிறது, தளபதிகள் எவ்வளவு கையாலாகாதவர்கள் என்று கடிதம் கடிதமாக எழுதினார். துருக்கியின் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனையின் அவலத்தை வெளியே கொண்டுவந்தது அவரது சக நிருபர் தாமஸ் செனரி. புளோரன்ஸ் நைட்டிங்கேல் அங்கே போனதற்கு அந்தச் செய்திகள் தூண்டுகோல். 1855 ஜனவரி கடைசியில் அபர்டீன் பிரபுவின் அரசு கவிழ்ந்தது. 1857 கிளர்ச்சியைப் பற்றி எழுத இதே ரஸ்ஸலைத்தான் டிலேன் இந்தியாவுக்கும் அனுப்பினார்.

அந்த 1855லேயே 'டைம்ஸ்' அமர்ந்திருந்த மேடை சரிந்தது.

வரி போனது, ஒரு பென்னி வந்தது

'அறிவின் மீது வரியா?' என்ற முழக்கத்தோடு நடந்த இயக்கத்துக்கு மூன்று தவணையில் வெற்றி கிடைத்தது. விளம்பர வரி 1853இல், முத்திரை வரி 1855இல், காகித வரி 1861இல் ஒழிந்தன.

பாடநூல் நடையில் இது சுதந்திரத்தின் வெற்றி. அது பொய்யில்லை, ஆனால் முழுக் கதையும் இல்லை. வரியை நீக்க நாடாளுமன்றத்தில் பேசியவர்களில் பலரின் கணக்கு இப்படி ஓடியது: வரி இருப்பதால் நேர்மையான முதலாளி மலிவுப் பத்திரிகை நடத்த முடியவில்லை, சட்டத்தை மீறும் கலகக்காரன் மட்டும் நடத்துகிறான். வரியை எடுத்துவிட்டால் பெரிய முதல் உள்ளே வரும், கலகக்காரன் போட்டியில் தாங்கமாட்டான். அதாவது சிறையால் முடியாததைச் சந்தை செய்யும்.

அப்படித்தான் நடந்தது. முத்திரை வரி ஒழியப்போகும் தருணத்தில், 1855 ஜூன் 29 அன்று, 'டெய்லி டெலிகிராப்' பிறந்தது. தொடங்கிய கர்னல் ஸ்லீக்குப் பெரிய லட்சியம் ஏதும் இல்லை. ராணுவத்தில் ஒரு கோமகனோடு இருந்த சொந்தப் பகையைத் தீர்த்துக்கொள்ளவே ஆரம்பித்தார். அச்சுக் கூலியைக் கட்ட முடியாமல் போனதும், அச்சகக்காரர் ஜோசப் மோசஸ் லெவி பத்திரிகையையே எடுத்துக்கொண்டு, செப்டம்பரில் விலையை ஒரு பென்னியாக்கினார். சில ஆண்டுகளிலேயே விற்பனையில் 'டைம்ஸ்' இதழைத் தாண்டிப் போனது.

ஒரு பென்னி விலையில் காகிதம், அச்சு, நிருபர் செலவு எல்லாவற்றையும் ஈடுகட்டுவது கடினம். மிச்சத்தை விளம்பரதாரர் கொடுத்தார். அரசு விலகிய நாற்காலியில் விளம்பரதாரர் உட்கார்ந்தார்.

அரைப் பென்னிப் புரட்சி

1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு பள்ளிகள் பரவி, படிக்கத் தெரிந்த கீழ்நடுத்தர வர்க்கம் ஒன்று உருவானது. அலுவலக எழுத்தர், கடைச் சிப்பந்தி, காலையில் ரயிலேறும் ஆட்கள். இவர்களுக்கு நீண்ட நாடாளுமன்ற உரைகள் தேவைப்படவில்லை. ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த் இதைப் புரிந்துகொண்டார்.

1896 மே 4 அன்று 'டெய்லி மெயில்' அரைப் பென்னிக்கு வந்தது. 'ஒரு பென்னிப் பத்திரிகை அரைப் பென்னிக்கு' என்பது விளம்பர வாசகம். முதல் நாளில் 3,97,215 பிரதி. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர்க் காலத்தில் பத்து லட்சத்தைத் தொட்டது. செய்தி சின்னதாக, வாக்கியம் சின்னதாக, பெண்களுக்கென்று தனிப் பகுதி, தொடர்கதை, போட்டிகள். "குமாஸ்தாக்களுக்காகக் குமாஸ்தாக்கள் நடத்தும் பத்திரிகை" என்று பிரதமர் சாலிஸ்பரி ஏளனம் செய்ததாகச் சொல்வார்கள்.

ஹார்ம்ஸ்வொர்த்தின் உண்மையான கண்டுபிடிப்பு நடையில் இல்லை, கணக்கில் இருந்தது. எத்தனை பிரதி விற்கிறது என்பதைக் கணக்காளர் சான்றோடு வெளியிட்டு, அந்த எண்ணை வைத்துப் பல்பொருள் அங்காடிகளிடம் விளம்பரக் கட்டணம் கேட்டார். இதற்கு முன் வாசகரிடம் பத்திரிகை விற்கப்பட்டது. இப்போது விளம்பரதாரரிடம் வாசகர் விற்கப்பட்டார்.

'டேப்ளாய்ட்' என்ற சொல்லும் இந்தக் காலத்தது. முதலில் அது ஒரு மருந்து நிறுவனம் தன் அமுக்கிய மாத்திரைகளுக்கு வைத்த வணிகப் பெயர். அமுக்கிச் சுருக்கிய செய்திக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

பிரபுக்கள் காலம்

லட்சக்கணக்கில் பிரதி விற்கும் பத்திரிகையைத் தொடங்க இப்போது மலையளவு முதல் தேவை. ஆகவே சிலர் கையில் எல்லாம் சேர்ந்தது. ஹார்ம்ஸ்வொர்த் நார்த்கிளிஃப் பிரபு ஆனார், 1908இல் 'டைம்ஸ்' இதழையே வாங்கினார். அவர் தம்பி ராதர்மியர் பிரபு 'மெயில்' பத்திரிகையைப் பெற்றார். 1934 ஜனவரியில் பிரிட்டிஷ் பாசிஸ்டுகளை வாழ்த்தி ராதர்மியர் எழுதிய கட்டுரையை 'மெயில்' வெளியிட்டது. கனடாவிலிருந்து வந்த பீவர்புரூக் பிரபு 'எக்ஸ்பிரஸ்' பத்திரிகையைப் பிடித்தார். பிரசாரத்துக்காகவே பத்திரிகை நடத்துகிறேன் என்று இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசு விசாரணைக் குழுவின் முன்பே ஒப்புக்கொண்டவர் அவர். ஒருவகையில் நேர்மையான மனிதர்!

1931இல் ராதர்மியரும் பீவர்புரூக்கும் சேர்ந்து, பழமைவாதக் கட்சித் தலைவர் ஸ்டான்லி பால்டுவினை அகற்றப் பார்த்தார்கள். ஓர் இடைத்தேர்தலில் அவருடைய வேட்பாளருக்கு எதிராகத் தங்கள் ஆளை நிறுத்தினார்கள். மார்ச் 17 அன்று பால்டுவின் பேசியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: இவர்கள் கேட்பது பொறுப்பில்லாத அதிகாரம், காலம் காலமாக விலைமகளிருக்கே உரிய சலுகை அது. அந்த வாசகம் அவருடைய உறவினரான எழுத்தாளர் கிப்ளிங் தந்தது. பால்டுவினின் வேட்பாளர் வென்றார்.

பத்திரிகை பலமுள்ளது, ஆனால் சர்வ வல்லமை உள்ளது அல்ல என்பதற்கு இது சான்று. 1992இல் பழமைவாதக் கட்சி வென்ற பிறகு "ஜெயிக்க வைத்தது நாங்கள்தான்" என்று 'சன்' மார்தட்டியதையும் இதே சந்தேகத்தோடு படிப்பது நல்லது. வெல்லப்போகிற பக்கம் தாவுவதும் ஒரு கலை.

12 லட்சம் வாசகர் இருந்தும் செத்த பத்திரிகை

இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு ஒரே ஒரு சாட்சியைக் கூப்பிடச் சொன்னால் 'டெய்லி ஹெரால்டு' இதழைத்தான் கூப்பிட வேண்டும்.

1911இல் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது ஒரு துண்டுத்தாளாகப் பிறந்தது. தொழிலாளர் இயக்கத்தின் நாளிதழாக வளர்ந்தது. பின்னர் தொழிற்சங்கப் பேரவையும் ஓடம்ஸ் என்ற பதிப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தின. 1933இல் 20 லட்சம் பிரதியைத் தாண்டிய முதல் நாளிதழ் இதுவே.

1964இல் மூடப்பட்டபோதும் 12 லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. 'டைம்ஸ்' விற்பனையைவிடப் பல மடங்கு. பின் ஏன் செத்தது? அதன் வாசகர்கள் பெரும்பாலும் வயதான தொழிலாளிகள். காரும் கேமராவும் விமானப் பயணமும் விற்பவர்களுக்கு அவர்கள் தேவையில்லை. வாசகர் இருந்தார், விளம்பரம் இல்லை. தாராளவாத இதழான 'நியூஸ் கிரானிக்கிள்' இதே நோயில் 1960இலேயே போய்விட்டது. அதற்கும் பத்து லட்சத்துக்கு மேல் விற்பனை.

மறுபக்கம், மிகக் குறைவாக விற்ற 'டைம்ஸ்' போன்றவை செல்வந்தர்கள் படிப்பதாலேயே தாக்குப்பிடித்தன. வலதுசாரிக் குரல் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் ஓங்கி ஒலிப்பதற்கு முதலாளிகளின் அரசியல் ஒரு காரணம் என்றால், இந்த விளம்பரக் கணக்கு இன்னொரு காரணம்.

'ஹெரால்டு' இதழுக்குப் பதிலாக வந்த பத்திரிகையின் பெயர் 'தி சன்'. அதுவும் தடுமாற, 1969இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ரூபர்ட் மர்டாக் மலிவாக வாங்கினார். தொழிற்சங்கத்தின் பத்திரிகை, பத்தே ஆண்டில் பழமைவாதக் கட்சியின் மார்கரெட் தாட்சருக்கு வாக்குக் கேட்டது.

பிபிசி ஏன் வேறு விதி?

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். வானொலியும் தொலைக்காட்சியும் பத்திரிகை வழியில் போகாததற்குக் காரணங்கள்:

1. அலைவரிசை குறைவு. யார் வேண்டுமானாலும் பத்திரிகை தொடங்கலாம், குறைந்தபட்சம் பேச்சளவில். வானொலி அலைவரிசையை அரசுதான் ஒதுக்க முடியும். ஒதுக்கினால் நிபந்தனை வரும்.

2. பணம் வந்த வழி. 1922இல் தொடங்கி, 1927இல் அரச சாசனத்தின் கீழ் கழகமான பிபிசிக்கு வானொலிக் கருவி வைத்திருக்கும் எல்லாரும் உரிமக் கட்டணம் கட்டினார்கள். எல்லாக் கட்சிக்காரரும் பணம் கட்டும் ஒன்று ஒரு கட்சிக்குப் பேச முடியாது.

3. பத்திரிகை முதலாளிகளின் பயம். தங்கள் விற்பனை போய்விடும் என்று அவர்கள் கொடுத்த அழுத்தத்தால், ஆரம்பத்தில் மாலை 7 மணிக்கு முன் பிபிசி செய்தி வாசிக்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. கருத்துச் சொல்லும் வேலை பத்திரிகைக்கே என்பது அப்போதே பிரிந்துவிட்டது.

1926 பொது வேலைநிறுத்தத்தில் பத்திரிகைகள் அச்சாகாதபோது, சர்ச்சிலின் பொறுப்பில் அரசு தனக்கொரு தாள் நடத்தியது, தொழிற்சங்கங்கள் தமக்கொன்று நடத்தின. இரண்டுக்கும் நடுவில் பிபிசியின் குரல் வீடுகளுக்குள் போனது. 1954இல் தனியார் தொலைக்காட்சிக்கு அனுமதி தந்தபோதும் நடுநிலை விதியைச் சட்டத்திலேயே எழுதினார்கள். இன்று ஆஃப்காம் என்ற அமைப்பு தனியார் ஒளிபரப்பிலும் பிபிசியிலும் அதைக் கண்காணிக்கிறது. காகிதத்துக்கு இந்த விதி கிடையாது.

'கார்டியன்' தனி வகை. 57 ஆண்டு ஆசிரியராக இருந்த சி. பி. ஸ்காட் 1932இல் இறந்தார். சில மாதங்களில் மகன் எட்வர்டும் படகு விபத்தில் போனார். இன்னொரு சாவு நேர்ந்தால் வாரிசு வரி கட்டவே பத்திரிகையை விற்க வேண்டிவரும் என்று அஞ்சிய மற்ற மகன் ஜான், 1936இல் பங்குகளை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். வரிக்குப் பயந்து செய்த ஏற்பாடு, பிரபுக்கள் கையில் சிக்காத ஒரு பத்திரிகையை உண்டாக்கியது.

வாப்பிங், ஒட்டுக்கேட்பு, பிறகு?

1980கள் வரை பிளீட் தெரு ஈய எழுத்திலேயே அச்சடித்தது. அச்சுத் தொழிற்சங்கங்களின் பிடி இறுக்கமானது. 'டைம்ஸ்' 1978 டிசம்பர் முதல் கிட்டத்தட்ட ஓராண்டு வெளிவரவே இல்லை. 1981இல் அதையும் வாங்கிய மர்டாக், கிழக்கு லண்டனின் வாப்பிங்கில் ரகசியமாகக் கணினி அச்சகம் அமைத்து, 1986 ஜனவரியில் ஒரே வாரக் கடைசியில் நான்கு பத்திரிகைகளை அங்கே மாற்றினார். வேலைநிறுத்தம் செய்த 5,000க்கும் மேற்பட்டவர்கள் நீக்கப்பட்டார்கள். ஓராண்டுப் போராட்டம் தோற்றது. செலவு குறைந்தது, பக்கங்கள் கூடின, மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தெருவைக் காலி செய்தார்கள். 'பிளீட் தெரு' என்பது இன்று பிரிட்டிஷ் பத்திரிகை உலகைக் குறிக்கும் ஒரு பழக்கச் சொல் மட்டும்.

போட்டி கடுமையானது. பிரபலங்களின் அந்தரங்கம் விற்றது. மர்டாக்கின் ஞாயிறு இதழான 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்டு' ஆட்கள் கைப்பேசிகளின் குரலஞ்சலை ஒட்டுக்கேட்டது 2006இல் வெளிப்பட்டு, 2007இல் ஒரு நிருபரும் ஒரு துப்பறிவாளரும் சிறை போனார்கள். தனியொருவர் தவறு என்று நிறுவனம் சொன்னது. 'கார்டியன்' விடவில்லை. 2002இல் கொலை செய்யப்பட்ட 13 வயதுப் பள்ளி மாணவியின் குரலஞ்சலும் கேட்கப்பட்டது என்று 2011 ஜூலை 4 அன்று அது வெளியிட்டதும் நாடே கொதித்தது. ஆறே நாளில், 168 ஆண்டுப் பத்திரிகை மூடப்பட்டது. நீதிபதி லெவசன் விசாரணை நடத்தி, 2012 நவம்பரில் அறிக்கை தந்தார். பத்திரிகைகளிடமிருந்து விடுபட்ட ஒரு கண்காணிப்பு அமைப்பு, அதற்குப் பின்னால் ஒரு சட்டம் என்பது அவர் பரிந்துரை.

இங்கேதான் 1695 திரும்பி வருகிறது. பத்திரிகைக்கென்று சட்டம் எழுதினால் 300 ஆண்டுச் சுதந்திரம் போய்விடும் என்று ஆசிரியர்கள் எழுந்தார்கள். பிரதமர் கேமரூனும் தயங்கினார். கிடைத்தது ஒரு சமரசம்:

1. கண்காணிப்பு அமைப்புகளுக்கு அங்கீகாரம் தர 2013இல் ஓர் அரச சாசனம்.

2. அங்கீகரிக்கப்பட்ட அமைப்பில் சேராத பத்திரிகை, அவதூறு வழக்கில் வென்றாலும் எதிராளியின் செலவைக் கட்ட நேரலாம் என்று ஒரு சட்டப்பிரிவு. இது கடைசிவரை அமலுக்கே வரவில்லை. 2024இல் நீக்கப்பட்டது.

3. பெரும்பாலான பத்திரிகைகள் 2014இல் தாங்களே நிதி கொடுத்து 'இப்சோ' என்ற அமைப்பைத் தொடங்கி, அங்கீகாரம் கேட்கவே மறுத்தன. 'கார்டியன்' இப்சோவிலும் சேரவில்லை, அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு எதிலும் சேரவில்லை.

வழக்குகள் மட்டும் ஓயவில்லை. 2025 ஜனவரியில் இளவரசர் ஹாரியோடு சமரசம் செய்துகொண்ட மர்டாக்கின் நிறுவனம், 'சன்' இதழுக்காக வேலை செய்த தனியார் துப்பறிவாளர்களின் சட்டவிரோதச் செயல்களுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டது.

மறுபடியும் வரி

இணையம் வந்த பிறகு விலை பூஜ்யத்தை நோக்கி இறங்கியது, விளம்பரம் கூகுளுக்கும் பேஸ்புக்குக்கும் போனது. 'இண்டிபெண்டென்ட்' 2016இல் காகிதத்தை நிறுத்தியது. 'டைம்ஸ்' சந்தா கட்டினால்தான் படிக்கலாம் என்று சுவர் எழுப்பியது, 'கார்டியன்' வாசகரிடம் நன்கொடை கேட்கிறது. வாங்க ஆள் யார் என்ற கேள்வியும் வந்தது. அபுதாபி பணத்தின் பின்பலத்தோடு 'டெலிகிராப்' கைமாற இருந்தபோது, வெளிநாட்டு அரசுகள் பிரிட்டிஷ் செய்தித்தாள்களைக் கட்டுப்படுத்துவதைத் தடுக்க 2024இல் சட்டம் வந்தது. என்ன எழுதலாம் என்று சொல்லத் தயங்கும் அரசு, யார் வாங்கலாம் என்று சொல்லத் தயங்கவில்லை.

1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்தபோது, அச்சிட்ட செய்தித்தாளுக்கு அது பூஜ்யம் என்று விட்டார்கள். 19ஆம் நூற்றாண்டு முழக்கத்தின் நினைவு அவ்வளவு வலுவாக இருந்தது. ஆனால் மின்பதிப்புக்கு 20 விழுக்காடு. கைப்பேசியில் படித்தால் அது செய்தித்தாளா இல்லையா என்று மர்டாக்கின் நிறுவனம் வரித்துறையோடு வழக்காடியது. 2020 மே மாதம் மின்பதிப்புக்கும் வரி நீங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுகளுக்குக் கட்டிய வரி திரும்பக் கிடைக்காது என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பழைய சட்டத்தில் செய்தித்தாள் என்றால் காகிதத்தில் அச்சிட்டது மட்டும்தான்.